மீன் நிற்கும் இடம்

திண்டுக்கல்லைப் பற்றி வெளியூர் நண்பர்கள் மூன்று விஷயங்களைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒன்று மலைக்கோட்டை, மற்றொன்று பூட்டு, மூன்றாவது பிரியாணி. மீனுக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் சிரிக்கிறார்கள். தஞ்சாவூர்க்கார நண்பர் ஒருவர், "உங்கள் ஊரில் மீன் பிடிக்க வேண்டுமானால் முதலில் தண்ணீரைப் பிடிக்க வேண்டுமே!" என்றார். காவிரிக் கரையில் பிறந்தவருக்கு அப்படிப் பேச உரிமை உண்டு என்று நானும் சிரித்து வைத்தேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். தண்ணீர் குறைந்த ஊரில்தான் மீன் எங்கே நிற்கும் என்று படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரு கரையும் தொட்டு ஓடுகிற ஆற்றில் எங்கே தூண்டில் போட்டாலும் ஏதாவது ஒன்று சிக்கும். எங்கள் ஆறுகள் அப்படிப்பட்டவை அல்ல. தெற்கே நிலக்கோட்டைப் பக்கமாக வைகை போகிறது. மேற்கே குடகனாறு. அது பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் பிறந்து, ஆத்தூர் வழியாக இறங்கி, திண்டுக்கல்லுக்கு மேற்கே வடக்கு முகமாகத் திரும்பி, வேடசந்தூரைத் தாண்டிப் போய் அமராவதியில் சேருகிறது. வருஷத்தில் பாதி நாள் இரண்டிலும் மணலைத்தான் பார்க்கலாம். மீதி நாளில், ஓடுகிற தண்ணீருக்குள்ளே மீன் நிற்கிற இடம் ஒரு கட்டில் அகலம் இருந்தால் அதிகம். அந்தக் கட்டில் அகலத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வித்தை. அதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் தாய்மாமா.

மாமா திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். ஆறு நாள் அரம் பிடித்த கை, ஏழாம் நாள் தூண்டில் பிடிக்கும். மாங்காய்ப் பூட்டு ஒன்றைக் கையில் கொடுத்தால், உள்ளே இருக்கும் லீவர்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று திறந்து பாராமலே, சாவியை ஒரு சுற்று அசைத்துச் சொல்லிவிடுவார். ஆற்றையும் அவர் அப்படித்தான் பார்த்தார். கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பீடியைப் பற்றவைத்து, பீடி முடிகிறவரை தண்ணீரின் மேல்பரப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கப்புறம்தான் தூண்டில் பையை அவிழ்ப்பார்.

"மீனுக்கு மூணு வேணும், மாப்ளே. ஒதுங்க ஒரு மறைவு. திங்க எரை. மூச்சு விட ஓடுற தண்ணி. இந்த மூணும் ஒண்ணாச் சேர்ற எடத்தைத் தேடு. மத்த எடத்துல நாக்குப்பூச்சியைப் போட்டா நாக்குப்பூச்சிதான் வீண்."

ஆறு வளைகிற இடத்தில் வெளிக்கரையை ஒட்டி ஆழம் இருக்கும் என்பதும், மருதமரத்து வேர் தண்ணீருக்குள் இறங்கினால் அதன் பின்னால் கெளுத்தி ஒதுங்கும் என்பதும், வேகமான நீரும் மந்தமான நீரும் உரசிக்கொண்டு போகிற கோட்டில் நுரை மிதக்கும், அந்த நுரைக்கு அடியில் கெண்டை நிற்கும் என்பதும் எனக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் பூகோளத்துக்கு நான் வாங்கிய மார்க்கை இங்கே சொல்ல வேண்டாம்.

மனிதன் ஆற்றுக்குள் எதை வைத்தாலும் மீன் நிற்கும் இடம் மாறும் என்பதும் மாமா சொன்ன பாடம்தான். அந்தக் காலத்தில் விவசாயிகள் வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்ப ஆற்றில் கொரம்பு போடுவார்கள். முளை அடித்து, தழையும் கொப்பும் மணலும் போட்டு, சாய்வாக ஒரு தடுப்பு. அதன் நுனியைச் சுற்றித் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகும். நுனிக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளம் விழும். முதல் ஆளாகப் போய் அங்கே தூண்டில் போட்டால் குழம்புக்கு ஆயிற்று. அடுத்த வெள்ளத்தில் கொரம்பும் போய்விடும், பள்ளமும் போய்விடும். பாலத்துத் தூண் அப்படியல்ல. அது நிற்கிற வரையில் அதன் முகத்தில் தண்ணீர் மோதி அடிமண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். தூணின் முதுகில் மந்த நீர். முகத்துப் பள்ளத்தில் பெரிய மீன், முதுகு மறைவில் சின்ன மீன். வாய்க்காலின் மடைவாயிலும் மீன் உண்டு. இரை அங்கேதான் ஒடுங்கி வரும்.

இவை எல்லாவற்றையும் தூக்கியடிப்பது அணைக்கட்டின் காலடி. அணைக்கட்டு ஆற்றுக்கு இரண்டு காரியம் செய்கிறது. மேலே தண்ணீரை நிறுத்துகிறது. நின்ற தண்ணீர், தான் சுமந்து வந்த மணலையும் வண்டலையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. மேல்பக்கத்து மடுக்கள் மெல்ல மெல்லத் தூர்ந்து போகின்றன. கீழேயோ, பாரம் இறக்கிய வண்டி போலத் தண்ணீர் துள்ளிக்கொண்டு விழுகிறது. விழுந்த இடத்தைத் தோண்டாதிருக்கத்தான் அணையின் அடியில் கல்தளம் போடுகிறார்கள். தளம் முடிகிற விளிம்பில் தண்ணீர் தன் வேலையைத் தொடங்கிவிடும். அங்கே ஒரு மடு விழும். நுரைத்து விழுகிற நீரில் காற்றுக் கலந்திருக்கும், இரையும் உருண்டு வரும், ஆழமும் இருக்கும். மாமா சொன்ன மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடம். அங்கே ஆபத்தும் உண்டு. விழுந்த தண்ணீர் அடியில் சுருண்டு மறுபடியும் சுவரை நோக்கியே இழுக்கும். அந்த இழுப்பில் நீச்சல் தெரிந்தவனும் கரைக்கு வரமாட்டான்.

அப்படி ஓர் இடத்துக்கு என்னை அழைத்துப் போகும்படி நான் மாமாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, ஐப்பசி மழை ஒரு வாரம் அடித்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரணைக்குப் புறப்பட்டோம். நிலக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து அணைப்பட்டி. ஆஞ்சநேயர் கோயிலுக்கு வந்தவர்கள் நனைந்த வேட்டியோடு நின்றிருந்தார்கள். வைகை செந்நிறமாகப் போய்க்கொண்டிருந்தது.

பேரணை சாதாரண இடமல்ல. 1895-ல் பெரியாறு அணையைத் திறந்தபோது, மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி வைகைக்குக் கொண்டு வந்தார்கள். அந்த நீரை வைகையிலிருந்து எடுத்துப் பெரியாறு பிரதானக் கால்வாயில் விடுகிற இடம்தான் பேரணை. சற்றுக் கீழே சிற்றணை. 1959-ல் மேலே வைகை அணை வந்த பிறகும், மஞ்சளாறும் மருதாநதியும் இடையில் வந்து கலப்பதால் மழைக்காலத்தில் பேரணை தன் பழைய குணத்தைக் காட்டும். மதுரைச் சீமையின் வயல்கள் அதை நம்பியிருக்கின்றன. திண்டுக்கல் நகரம் குடித்த தண்ணீரிலும் ஒரு பங்கு அங்கிருந்து வந்ததுண்டு.

மாமா என் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கரையில் இருந்த ஒரு மரத்தில் கட்டினார். அக்கம்பக்கத்துப் பையன்கள் என்னை ஆட்டுக்குட்டி என்று சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் சுவரின் அடியைப் பார்த்ததும் அவமானமெல்லாம் மறந்துவிட்டது. மீன் துள்ளிக்கொண்டிருந்தது! ஒன்றா, இரண்டா? கெண்டையும் கெளிறும் வெள்ளிக்காசை எறிந்தாற்போல் தண்ணீரிலிருந்து எழும்பிச் சுவரில் மோதி விழுந்தன. விழுந்தவை மறுபடியும் எழும்பின. ஜனங்கள் கூடையையும் சேலையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தூண்டிலே வேண்டியிருக்கவில்லை.

நான் பையை அவிழ்க்கப் போனேன். மாமா என் கையைப் பிடித்தார்.

"வேணாம், மாப்ளே."

"ஏன் மாமா? இவ்வளவு மீன் நிக்குதே!"

அவர் பக்கத்தில் ஒருவரின் கூடையிலிருந்து ஒரு கெண்டையை எடுத்து, வயிற்றை லேசாக அமுக்கிக் காட்டினார். கடுகு போல முட்டை வழிந்தது. "இதுக மேல போக வந்ததுக. புதுத்தண்ணி வந்ததும் ஆறேறிப் போயி, கரையோரமாப் பரவுன தண்ணியில முட்டை விடும். போக வழியில்லாம இங்க முட்டிக்கிட்டுக் கெடக்கு. நிக்கிற மீனைப் பிடிக்கலாம். நிறுத்தி வச்ச மீனைப் பிடிக்கக் கூடாது."

அன்று வெறும் பையோடு பஸ் ஏறினோம். நிலக்கோட்டை வரையில் நான் அவரோடு பேசவில்லை. மீன் பிடிக்காத மீன்காரர் எதற்கு என்று எனக்குக் கோபம். வெள்ளம் வடிந்த பிறகு அவரே என்னை அங்கே அழைத்துப் போய், அந்த மடுவில் ஒதுங்கியிருந்த கெளுத்திகளைப் பிடித்துத் தந்தார். அப்போதும் எனக்கு அவருடைய கணக்கு விளங்கவில்லை.

இப்போது என்னுடைய குற்றத்துக்கு வருகிறேன்.

மாமாவின் ஊர் குடகனாற்றங்கரையில், திண்டுக்கல்லுக்கும் வேடசந்தூருக்கும் இடையே ஒரு சின்ன ஊர். 1998-ல் நான் கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அந்த ஊரில் அப்போது கிணறுகள் வற்றிக்கொண்டிருந்தன. ஆழ்துளை போட்டால் புழுதிதான் பறந்தது. ஆற்றில் ஒரு தடுப்பணை கட்டினால் வருகிற கொஞ்ச வெள்ளமாவது நின்று கிணற்றில் ஊறும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. மனு எழுத ஆள் வேண்டுமே? "என் மருமகன் கதையெல்லாம் எழுதுவான்" என்று மாமா என்னை முன்னால் தள்ளினார்.

திண்ணையில் உட்கார்ந்து ஒரு பகல் முழுவதும் எழுதினேன். கிணறு, தென்னை, முருங்கை, மாடு கன்று, பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரம், ஒன்றும் விடவில்லை. முடிவில் பேரணை ஞாபகம் வந்தது. "மாமா, மீன் ஏற ஒரு ஓரமாக வழி விட்டுக் கட்டணும் என்று ஒரு வரி சேர்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வேணாம், மாப்ளே. மனுசனுக்கே தண்ணி இல்லேன்னு எழுதுறோம். மீனுன்னா சிரிப்பாங்க. அதைச் சாக்காவச்சு மனுவைத் தூக்கிப் போட்டாலும் போட்டுருவாங்க" என்றார். நானும் எழுதவில்லை. முதல் கையெழுத்து மாமாவுடையது. பத்து நாள் அவர் பட்டறைக்குப் போகாமல் வீடு வீடாக அலைந்து மற்றக் கையெழுத்துகளை வாங்கினார்.

இரண்டு வருஷத்தில் தடுப்பணை வந்துவிட்டது. நாவல், சிறுகதை என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். என் எழுத்தினால் இந்த உலகத்தில் கல்லும் சிமெண்டுமாக ஏதாவது எழும்பியது உண்டென்றால் அது அந்த ஒரு தடுப்பணைதான்.

அது நல்லது செய்தது. அதை மறைத்தால் நான் பொய்யன். முதல் மழைக்கே சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. அத்தை வாசலில் வைத்த முருங்கை காய்த்துத் தள்ளியது. தடுப்பணையின் காலடியில் ஒரு மடு விழுந்து, ஊர்ப் பையன்களுக்கு மீன் வேட்டையாயிற்று. முதல் மூன்று வருஷம் ஊரே அதைப் பற்றித்தான் பேசியது.

நாலாவது வருஷம் மாமாதான் முதலில் கவனித்தார். மேல்பக்கத்தில், மருதமரத்தடியில் அவருடைய பழைய இடம் ஒன்று உண்டு. ஆள் மட்டம் இருந்த மடு. அது முழங்கால் அளவுக்குத் தூர்ந்துவிட்டது. அயிரை கிடந்த சுத்தமான மணல்மேல் வண்டல் படிந்தது. அயிரைக்கு மணல் வேண்டும், வண்டலில் அது இராது. அதற்குப் பதிலாக நிலைத்தண்ணீரில் ஜிலேபி பெருகியது. ஜிலேபி நம் ஆற்று மீனல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து பல கை மாறி 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. அது முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கிற ஜாதி. அதற்கு ஆறேறவும் வேண்டாம், வழியும் வேண்டாம். கெண்டையோ வருஷாவருஷம் சுவரடியில் வந்து முட்டியது, கூடைக்குள் விழுந்தது. பிடித்தவர்களுக்கு அது மீன் அதிகமானதாகத் தெரிந்தது. ஆறு முழுவதும் பரவியிருக்க வேண்டிய மீன் ஓரிடத்தில் குவிந்திருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

சில வருஷம் கழித்து, ஒரு நாவலுக்காக நூலகத்தில் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிரான்சிஸ் டே என்ற பெயர் கண்ணில் பட்டது. சென்னை ராஜதானியின் பட்டாளத்தில் வைத்தியராக இருந்து, மீனைப் பற்றியே வாழ்நாளைச் செலவிட்ட ஆங்கிலேயர். 1873-ல் அவர் இந்தியாவின் நன்னீர் மீன்வளம் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அணைக்கட்டின் கீழே ஏற முடியாமல் குவிகிற மீனை வாரியெடுத்து அழிக்கிறார்கள், அணைகளில் மீன் போக வழி விடவேண்டும் என்பது அவர் கட்சி. கொள்ளிடத்தின் கீழணை 1836-ல் எழுந்தது. கடலிலிருந்து ஆறேறி வருகிற உல்லம் மீனுக்கு அதுவே பெரிய தடை. வங்காளத்தார் இலிஷ் என்று உயிரை விடுகிறார்களே, அதே மீன்தான். 1934-ல் மேட்டூர் அணையும் வந்த பிறகு காவிரியில் உல்லம் அருகிப் போயிற்று. அமெரிக்காவிலோ, கொலம்பியா ஆற்றில் 1930-களில் பான்வில் அணையைக் கட்டும்போதே சால்மன் மீன் ஏறிப்போகப் படிக்கட்டும் சேர்த்துக் கட்டினார்கள். ஆக, நான் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி சிரிப்புக்குரியதல்ல. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் படித்தவர்கள் எழுதிவந்த வரிதான்.

அன்று மாலையே மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அரத்தைக் கீழே வைத்துவிட்டு, 1977-ல் அழகாபுரியில் குடகனாற்று அணை உடைந்த கதையைச் சொன்னார். அந்த அணைக்கு ஐந்து ஷட்டர்கள், ஒவ்வொன்றும் பத்தடி அகலம். வெள்ளம் வந்த நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. ஷட்டர்களைப் பாதிதான் தூக்க முடிந்தது. கையால் தூக்கிப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் கரைக்கு மேலேறி வழிந்து, மண்கரையைப் பல இடங்களில் அறுத்துக்கொண்டு போயிற்று. பிறகு மறுபடி கட்டினார்கள்.

"எதைக் கட்டினாலும் தொறக்கத் தெரியணும், மாப்ளே. நான் இத்தனை வருசம் பூட்டுச் செய்யிறேன். ஒரு பூட்டைக்கூடச் சாவி இல்லாம கடைக்கு அனுப்பினதில்ல. ஆத்துக்கு மட்டும் சாவியில்லாத பூட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எழுதியது நான்தானே, மாமா" என்றேன்.

"எழுத வேணாம்னு சொன்னது நான்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

குடகனாற்றில் தண்ணீர் வருவதும் வரவரக் குறைந்தது. மழை பொய்த்தது ஒரு காரணம். ஆத்தூர்ப் பக்கம் ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்று மேலே உள்ளவர்களுக்கும் கீழே உள்ளவர்களுக்கும் இருந்த வழக்கு இன்னொரு காரணம். இரண்டு பக்கமும் விவசாயிகள், இரண்டு பக்கமும் வறண்ட கிணறுகள். யாரை நோவது? ஆனால் அந்த வழக்கிலும் மீன் ஒரு கட்சிக்காரனாகச் சேர்க்கப்படவில்லை.

2017-ல், மாமாவுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. அரம் பிடித்த கை நடுங்கத் தொடங்கியிருந்தது. ஐப்பசியில் ஒரு நாள் இரவெல்லாம் மழை. காலையில் எனக்கு ஆள் அனுப்பினார். "தண்ணி வந்திருக்கு. என்னைக் கூட்டிட்டுப் போ."

தடுப்பணையின் அடியில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் கொசுவலையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீன் முன்போல இல்லை. ஒன்றிரண்டு துள்ளின. மாமா அவர்களைத் திட்டவில்லை. பக்கத்தில் போய், "தம்பி, வயிறு பெருத்தது மட்டும் எனக்குக் குடுங்கப்பா. காசு தர்றேன்" என்றார். குழம்புக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவர்கள் நாலு கெண்டையைக் குடத்தில் போட்டுக் கொடுத்தார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு கரையேறினார். மேல்பக்கம் போய், முழங்கால் தண்ணீரில் இறங்கி, குடத்தைச் சாய்த்தார். நாலும் ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு, ஆற்றை எதிர்த்துப் போய்விட்டன.

"அவ்வளவுதானா, மாமா?" என்றேன். நாலு மீனால் ஓர் ஆறு பிழைத்துவிடுமா என்ற எண்ணம் என் குரலில் இருந்திருக்க வேண்டும்.

"வேற சாவி கெடைக்கிற வரைக்கும்" என்றார்.

மறு வருஷம் மாமா இல்லை. அந்த வருஷமே நான் இரண்டாவது மனுவை எழுதினேன். தடுப்பணையை இடிக்க வேண்டாம், கிணற்றுக்கு வேண்டிய தண்ணீர் அப்படியே நிற்கட்டும், ஒரு ஓரத்தில் மட்டும் கல் அடுக்கிச் சரிவாக ஒரு வழி விட்டால் போதும் என்று எழுதி, முதல் கையெழுத்தை நானே போட்டேன். மாமா பயந்தது சரிதான். முதலில் படித்தவர் சிரித்தார். ஆனால் மனுவைத் தூக்கிப் போடவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார். வருஷத்துக்கு ஒரு முறை நினைவூட்டி வருகிறேன்.

இதற்கிடையில் ஐப்பசியில் தண்ணீர் வந்தால் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போகிறேன். பையன்களுக்கு என்னைத் தெரியும். "கெண்டைக்காரர் வந்துட்டாரு" என்று அவர்களே வயிறு பெருத்ததைப் பொறுக்கி வைக்கிறார்கள். காசு வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். போன முறை அவர்களில் ஒருவன் குடத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தானே மேலே கொண்டுபோய் விட்டான். எண்ணிப் பார்த்தோம். 17 மீன்.